ஐம்பது சுற்றுகள்

சக்கரம் இல்லாமல் விமானம் எழும்ப முடியாது. எழும்பிய பிறகோ அதைப் போல வீணான உறுப்பு வேறில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுவது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். மணிக்கு அறுபது மைலில் ஊர்ந்த தொடக்ககால விமானங்களுக்கு வெளியே தொங்கும் கால்கள் ஒரு பொருட்டாக இல்லை. வேகத்தின் மீதும் தூரத்தின் மீதும் ஆசை பிறந்தபோதுதான் அவை உறுத்தத் தொடங்கின.

முதலில் தோன்றிய வழி மிக எளியது: வேண்டாததை எறிந்துவிடுவது. 1919 மே 18 அன்று அட்லாண்டிக்கைக் கடக்க நியூஃபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்ட ஹாரி ஹாக்கரும் மெக்கன்ஸி-கிரீவும் கிளம்பிய சற்று நேரத்திலேயே தங்கள் சாப்வித் விமானத்தின் சக்கரங்களைக் கழற்றி உதிர்த்தார்கள். என்ஜின் சூடேறிப்போய் நடுக்கடலில் இறங்க நேர்ந்தது. டென்மார்க் நாட்டுக் கப்பலொன்று அவர்களை மீட்டது. அதில் கம்பியில்லாத் தந்தி இல்லாததால் ஒரு வாரகாலம் உலகம் அவர்களை இறந்தவர்களாகவே எண்ணியிருந்தது. வைலி போஸ்ட் 1935-இல் உயர்வெளிப் பறத்தலுக்கு இதே உத்தியைக் கையாண்டார். அவருடைய 'வின்னி மே' சக்கரங்களை மேலிருந்து உதறிவிட்டு வயிற்றுக்கடியில் பொருத்திய சறுக்குக்கட்டையில் இறங்கியது.

எறிவதற்குப் பதிலாக மடித்து வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் இதற்கிடையிலேயே உருவெடுத்துவிட்டது. 1920 செப்டம்பரில் பிரான்சில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்துக்கு அமெரிக்காவின் டேட்டன்-ரைட் நிறுவனம் ஆர்பி-1 என்றொரு விமானத்தைக் கொண்டுசென்றது. விமானி ஒரு கைப்பிடியைச் சுழற்ற, சக்கரங்கள் உடற்பகுதிக்குள் ஒடுங்கின. கட்டுப்பாட்டுக் கம்பியில் ஏற்பட்ட கோளாறினால் அது பந்தயத்தை முடிக்கவில்லை. ஆனால் அந்தக் கைப்பிடி மறையவில்லை. இக்கட்டுரை அதன் கதைதான்.

அடுத்த இருபதாண்டுகள் கையின் காலம். சோவியத் நாட்டின் ஐ-16 போர்விமானத்தில் சக்கரங்களை மேலேற்ற 44 சுற்று. அமெரிக்கக் கடற்படையின் கிரம்மன் வைல்ட்கேட்டில் ஏறத்தாழ 30. விமானி இடக்கைக்குச் சுக்கானை மாற்றிக்கொண்டு வலக்கையால் சுழற்ற வேண்டும். கைப்பிடி நழுவினால் அது தானே சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். முதல் ஸ்பிட்ஃபயர்களில் சுற்றுவதற்குப் பதிலாகக் கைபம்பு. வலக்கை பம்பை அடிக்க, சுக்கானைப் பிடித்த இடக்கையும் தன்னையறியாமல் தாளம் போட, புதிய விமானிகள் ஓடுதளத்தை விட்டு மூக்கை ஆட்டி ஆட்டி ஏறினார்கள். தரையில் நின்று பார்ப்பவர்களுக்கு யார் புதியவர் என்று உடனே தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் கொடியது 1936-இல் படையில் சேர்ந்த ஆவ்ரோ ஆன்சன். 144 சுற்று! குறுகிய தூரம் போகிறவர்கள் வேகம் போனால் போகட்டும் என்று சக்கரங்களைத் தொங்கவிட்டபடியே பறந்துவிடுவதுண்டு.

இந்தக் காலத்தில் 'அவசர முறை' என்று தனியாக ஒன்று பெரிதாக வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையே வழக்கமான முறை. கைதான் கடைசி முறையும். கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சங்கிலியோ கம்பியோ மட்டும் இருந்தது. மின்மோட்டாரும் ஹைட்ராலிக் எண்ணெயும் நடுவில் நுழைந்த பிறகே, அவை கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி பிறக்கிறது. வசதியோடு சேர்ந்து பிறந்த அச்சம் இது.

1945 டிசம்பர் 22 அன்று முதன்முறையாகப் பறந்த பீச்கிராஃப்ட் பொனான்ஸாவை இந்தக் கேள்விக்கான செவ்வியல் பதில் என்பேன். போர் முடிந்த கையோடு, ஒரு மருத்துவரோ வணிகரோ தம் காரைப் போல ஓட்டிச்செல்லக்கூடிய விமானமாக அது உருவாக்கப்பட்டது. ஒரு பொத்தானைத் தள்ளினால் போதும். ஒரே மின்மோட்டார், ஒரே பல்சக்கரப் பெட்டி, அதிலிருந்து மூன்று கால்களுக்கும் தண்டுகள். பழைய கைப்பிடி எங்கே போயிற்று? முன் இருக்கைகளுக்குப் பின்னால், தரையோடு தரையாக மடங்கிக் கிடந்தது.

மோட்டார் இயங்காதபோது செய்ய வேண்டியவற்றைப் பொனான்ஸாவின் கையேடு சில வரிகளில் சொல்லிவிடும். முதலில் மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துத் துண்டிக்க வேண்டும். இது விடுபட்டுப்போய், கைப்பிடி பல்லில் மாட்டியிருக்கும் நேரத்தில் மோட்டாருக்கு உயிர் வந்தால் கைப்பிடி அசுர வேகத்தில் சுழன்று எலும்பை முறிக்கும், இயந்திரத்தையும் கெடுக்கும். பிறகு சக்கர விசையைக் கீழ்நிலைக்குத் தள்ளி, கைப்பிடியை விரித்து, இடஞ்சுழியாக ஏறத்தாழ ஐம்பது சுற்று, இனிச் சுற்றவே முடியாது என்ற நிலை வரும்வரை.

எழுத்தில் எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருக்கையில் நம்மை அமர்த்திப் பார்ப்போம். இரவு. மின்னாக்கி எப்போதோ செயலிழந்துவிட்டது. பேட்டரியில் மிஞ்சியதை விளக்குகளும் ரேடியோவும் தின்றுகொண்டிருக்கின்றன. சக்கர மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தைக் கேட்பது. பொத்தானைத் தள்ளியதும் பாதித் தொலைவு இறக்கிவிட்டு அது நின்றுவிடுகிறது. பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. எரியாததற்குக் காரணம் சக்கரமா, மின்சாரமின்மையா, வெறும் பல்பா? அதை அறிய வழியில்லை. ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, உடலைத் திருகி, மறுகையால் பின்புறத் தரையில் துழாவ வேண்டும். மேகத்துக்குள் இப்படித் தலையைத் திருப்பிக் குனிந்தால் உட்செவி பொய் சொல்லத் தொடங்கும். விமானம் சாய்வதாகத் தோன்றும், அல்லது உண்மையில் சாய்வது தோன்றாமல் போகும். எனவே பத்துச் சுற்று, பிறகு நிமிர்ந்து கருவிகளை ஒரு பார்வை, மறுபடி பத்துச் சுற்று. சக்கரம் இறங்காமல் வயிற்றில் உரசி இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் காலாலேயே வெளியேறி நடந்திருக்கிறார்கள். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்து விமானத்தை மறந்தவர்களின் முடிவு அப்படியல்ல. 1972 டிசம்பர் 29 இரவு மயாமி அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் பெரிய பயணிகள் விமானமொன்று, மூக்குச் சக்கரத்துக்கான விளக்கு எரியாத காரணத்தை அதன் குழுவினர் ஆராய்ந்துகொண்டிருக்கையில், எவரும் கவனியாமல் மெல்லத் தாழ்ந்து சதுப்புநிலத்தில் மோதியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பல்ப் சுட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்க விமானச் சட்டத்தின் 23-ஆம் பகுதி சிறு விமானங்களுக்குப் பல பத்தாண்டுகள் விதித்திருந்த வாசகம் இங்கு நினைக்கத்தக்கது. கையால் இறக்க இயலாத சக்கரமுடைய விமானம் எதுவாயினும், அதன் வழக்கமான பொறியமைப்போ விசைமூலமோ பழுதானால் சக்கரத்தை இறக்க மாற்றுவழி ஒன்று இருந்தாக வேண்டும் என்றது அது. கையை மட்டும் விதிவிலக்காகவே எழுதிவைத்தார்கள். 1955-இல் வந்த மூனி எம்-20 அந்த விலக்கின் நிழலில் நிம்மதியாக வாழ்ந்தது. அதில் இரு இருக்கைகளுக்கு நடுவே ஒரு நீண்ட இரும்புக்கோல். படுக்க வைத்தால் சக்கரம் மேலே; நிமிர்த்திக் கருவிப்பலகையின் அடியிலுள்ள குழிவில் செருகினால் கீழே. பூட்டு விழுந்ததைக் கையே உணரும். மூனி பிற்பாடு மின்சாரத்துக்கு மாறியது. கோலைப் பிரிய மனமில்லாதவர்கள் இன்றும் பழைய மாதிரிகளைத் தேடி வாங்குகிறார்கள்.

செஸ்னா நிறுவனத்தார் தங்கள் 210-இலும் பின்வந்த சிறிய மாதிரிகளிலும் எண்ணெய் அழுத்தத்தை நம்பினார்கள். அவசரத்துக்கு அதே எண்ணெயைத் தள்ளும் ஒரு கைபம்பு. கை கனக்கும்வரை அடி என்பதுதான் விதி. எண்ணெய் இருக்கும்வரை நல்ல ஏற்பாடு. குழாய் வெடித்து எல்லாம் ஒழுகிவிட்டால் கைபம்பு காற்றைத்தான் அடிக்கும்.

1967-இல் வந்த பைப்பர் ஏரோவில் சிந்தனை நேர்மாறானது. எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. அதில் சக்கரங்களை மேலே தாங்கி நிற்பது எண்ணெய் அழுத்தம் மட்டும்தான், பூட்டு கிடையாது. அழுத்தம் போனால் அவை தம் எடையாலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். மூக்குச் சக்கரத்துக்குச் சுருள்வில் ஒன்று துணை. பழுதே பரிகாரமாகிவிடுகிறது. விமானி இருக்கைகளுக்கிடையிலுள்ள சிறு நெம்புகோலை அழுத்தி அந்த அழுத்தத்தைத் திறந்துவிட்டால் போதும்.

பைப்பர் அத்தோடு நின்றிருக்கலாம். வயிற்றில் இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பழுதல்ல, மறதி என்பது எல்லோருக்கும் தெரியும். மறதிக்கும் ஒரு கருவி செய்தார்கள். காற்றின் அழுத்தத்தை உணரும் குழலொன்றை வெளியே பொருத்தி, என்ஜின் விசை குறைந்து வேகம் மணிக்கு ஏறத்தாழ 105 மைலுக்குக் கீழே போனால் சக்கரங்கள் தாமே இறங்கும்படி அமைத்தார்கள். மறதிக்காரர்கள் பலர் அதனால் தப்பியிருப்பார்கள். ஆனால் என்ஜின் நின்று, எதிரேயுள்ள வயல்வரையாவது சறுக்கிப் போய்விட வேண்டுமென்று விமானி ஒவ்வொரு அடி உயரத்தையும் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும் நேரத்திலும், அந்தக் குழல் அதே முடிவுக்குத்தான் வந்தது. சக்கரங்கள் தொங்கின, தடை ஏறியது, சறுக்கும் தூரம் சுருங்கியது. அதைத் தடுக்க அதே நெம்புகோலை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும்; எல்லாம் நின்றுபோன கணத்தில் அது நினைவுக்கு வர வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் அந்தத் தானியங்கியை முடக்கிவிடும்படி பைப்பரே அறிவுறுத்தியது.

1990-களின் இறுதியில் சிர்ரஸ் வந்தது. அதன் கால்கள் மடங்குவதே இல்லை. நேர்த்தியான உறைகளுக்குள் வெளியிலேயே நிற்கின்றன, வேகத்துக்கும் குறைவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பலருக்கு இந்தத் தொல்லையே தெரியாது. ஆனால் பழைய பொனான்ஸாக்களும் ஏரோக்களும் உலகெங்கும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. பொனான்ஸாவின் கையேட்டில் ஐம்பது சுற்றுக்குப் பிறகு இன்னும் ஒரு குறிப்பு உண்டு. கையால் சக்கரத்தை இறக்கித் தரையிறங்கியபின், விமானத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தும்வரை எந்த விசையையும் தொடாதே, சர்க்யூட் பிரேக்கரையும் மறுபடி உள்ளே தள்ளாதே என்கிறது அது.