ஆஸ்பத்திரியை நடத்த ஒரு படிப்பு



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி, மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை சேர்ந்திருப்பதாகப் படம் போட்டிருந்தாள். அதன் கீழே நம் உறவினர் ஒருவர், "ஆஸ்பத்திரியை டாக்டர் பார்த்துக்கொள்வார், கணக்கை கிளார்க் பார்த்துக்கொள்வார். நடுவில் இதற்கென்ன தனியாக ஒரு படிப்பு?" என்று கேட்டிருந்தார். பிள்ளை பாவம், ஒரு சிரிப்பு பொம்மையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். எனக்கு விட மனசில்லை. கமென்டில் எழுத ஆரம்பித்து நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன்.

இந்தப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது அமெரிக்காவில். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் என்று ஒருவர் இருப்பார். அவர் டாக்டராகவும் இருக்கலாம், தலைமை நர்ஸாகவும் இருக்கலாம், கடை நடத்திப் பழகியவராகவும் இருக்கலாம். வேலையில் சேர்ந்த பிறகு அடிபட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். 1899இல் கிளீவ்லாந்து நகரில் இந்தக் கண்காணிப்பாளர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் அமெரிக்க மருத்துவமனைகள் சங்கமாக மாறியது அதுதான்.

அதே 1899இல் நியூயார்க்கில் இன்னொன்று நடந்தது. ஆஸ்பத்திரி நடத்துவதற்கான முதல் பல்கலைக்கழக வகுப்பு எங்கே தொடங்கியது தெரியுமா? மருத்துவக் கல்லூரியில் இல்லை, வணிகக் கல்லூரியிலும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில்! இதைப் படித்தபோது, ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் வாங்கிய எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கேட்டு வாங்கியவர்கள் நர்ஸுகள். இசபெல் ஹாம்ப்டன் ராப் என்ற அம்மையார் முன்னின்றார். அன்றைய தலைமை நர்ஸின் பொறுப்பில் நோயாளி மட்டுமா இருந்தார்? சமையலறை, சலவை, படுக்கை விரிப்புக் கணக்கு, வேலையாட்கள், பயிற்சிக்கு வந்த பெண்கள் எல்லாம் அவர் தலையில்தான். அதனால் 'மருத்துவமனைப் பொருளியல்' என்று அந்த வகுப்புக்குப் பெயர் வைத்து, மனோதத்துவம், கற்பிக்கும் முறை இவற்றையும் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். 1907இல் மேரி அடிலெய்ட் நட்டிங் அங்கே பேராசிரியரானார். உலகிலேயே பேராசிரியர் பதவிக்கு வந்த முதல் நர்ஸ் அவர். முதலில் அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் என்ன? நிறுவன மேலாண்மைப் பேராசிரியர். பிறகு அந்தத் துறை செவிலியர் கல்விப் பக்கம் போய்விட்டது. அதனால்தானோ என்னவோ, நிர்வாகப் படிப்பின் வரலாற்றைப் பலர் 1934இலிருந்து தொடங்குகிறார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, படிப்பு ஏன் அவசியம் என்று ஊருக்கே உறைத்த கதைக்கு வருகிறேன். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பு, முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் 100 படுக்கைக்கு மேல் உள்ள 692 மருத்துவமனைகளை ஆய்வு செய்தது. பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. நோயாளியைப் பற்றிய பதிவேடு இருக்கிறதா, பரிசோதனைக்கூடமும் எக்ஸ்ரேயும் இருக்கிறதா, நடந்த சிகிச்சையை டாக்டர்கள் கூடிப் பேசுகிறார்களா, இவ்வளவுதான். தேறியவை 89! தவறியவற்றில் பெரிய பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகளும் இருந்தன. 1919இல் நியூயார்க் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூட்டம். பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, ராத்திரியோடு ராத்திரியாக ஹோட்டலின் உலையிலேயே போட்டு எரித்துவிட்டார்களாம். நான் மதிப்பெண் பட்டியலைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பட்டியலையே கொளுத்தியது இங்கேதான்.

அந்த நோயாளிகளுக்கு அறுவை செய்தவர்கள் நல்ல கைராசிக்காரர்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் என்ன செய்தோம், பிழைத்தாரா என்று எழுதி வைக்க ஓர் ஏற்பாடு இல்லை. ஏற்பாடு செய்வது யார் வேலை? நம் உறவினர் கேட்ட 'நடுவில்' என்பது இதுதான்.

1920களில் மில்வாக்கியின் மார்க்வெட் பல்கலைக்கழகம் ஒரு பட்டப்படிப்பு தொடங்கிப் பார்த்தது. 1927இல் இரண்டே பேர் பட்டம் வாங்கினார்கள். அது நிலைக்கவில்லை. நிலைத்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில், 1934இல், மைக்கேல் டேவிஸ் தொடங்கியது. இவர் டாக்டர் இல்லை, சமூகவியல் படித்தவர். பாஸ்டனில் ஏழைகளுக்கான மருந்தகம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவர். ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு தனித் தொழில் என்று 1929இலேயே புத்தகம் எழுதினார். வகுப்பை வணிகவியல் பள்ளியில் வைத்தார். ஓராண்டு பாடம், ஓராண்டு ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. நாங்கள் பாடக்குறிப்பைத் தூக்கிக்கொண்டு மாதிரிப் பள்ளிக்குப் போனோமே, அந்த மாதிரி.

1940களில் கெலாக் அறக்கட்டளை பணம் தர, கொலம்பியா, மினசோட்டா, யேல் என்று வரிசையாகப் படிப்புகள் வந்தன. ஆமாம், காலையில் பேரப்பிள்ளைகள் பாலில் போட்டுச் சாப்பிடுகிற அதே கெலாக்தான். அவருடைய அண்ணன் புகழ்பெற்ற டாக்டர். தம்பியான இவர் அண்ணனின் சிகிச்சை இல்லத்தில் சுமார் 25 வருஷம் கணக்கும் கடிதமும் நிர்வாகமும் பார்த்தவர். அந்த வேலையின் அருமை அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

நம் நாட்டில் 1960களில் டெல்லி எய்ம்ஸில் இது முதுகலைப் படிப்பானது. அங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும்தான் இடம். டாக்டர்தான் நடத்த வேண்டுமா, மற்றவரும் நடத்தலாமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. நான் டேவிஸ் கட்சி.

காரணம் சொல்கிறேன். எங்கள் வீட்டு சாருக்குக் குடலிறக்க அறுவை செய்தபோது, ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. டாக்டர் தங்கமானவர். வீட்டுக்குப் போகலாம் என்று காலை ஒன்பது மணிக்குச் சொன்னார். பில்லும் சீட்டும் மாத்திரையும் மூன்று ஜன்னலில் சுற்றிச் சுற்றி, நாங்கள் வெளியே வந்தது மாலை நாலரைக்கு. தையல் போட்ட வயிற்றோடு அந்த மனிதர் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா, உனக்கு இரண்டாம் வருஷம் பயிற்சிக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரி கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கமென்டில் எழுது. போய்ச் சேர்ந்த முதல் நாள் அந்த ஜன்னல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து அதையும் எழுது.