தலையங்கத்தில் ‘நாம்’

ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தமிழில் பெயர்க்க முற்படும் மாணவன் தொடக்கத்திலேயே ஒரு சிக்கலில் அகப்படுவான். ‘வீ’ என்னும் சொல்லை எவ்வாறு பெயர்ப்பது? ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. ஆசிரியர் குழு தன்னை மட்டும் குறித்தாலும், படிப்போரையும் சேர்த்துக் குறித்தாலும் சொல் மாறுவதில்லை. அம்மயக்கம் எழுதுவோர்க்கு வசதியும் ஆகும். இதழின் கருத்தாகத் தொடங்கிய உரை, சில வரிகள் கடந்ததும் நாட்டார் அனைவரின் கருத்தாக உருமாறிவிடும். மாறிய இடம் படிப்போர்க்குப் புலப்படாது.

தமிழில் அது எளிதன்று. ‘நாங்கள்’ என்றால் கேட்போன் புறத்தே நிற்கிறான். ‘நாம்’ என்றால் உள்ளே வந்துவிடுகிறான். இவ்வேறுபாட்டை நம் இலக்கணிகள் வினைமுற்றிலேயே கண்டனர். அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரையும் தன்மையோடு உளப்படுத்தும் என்பது நன்னூலார் விதி. இக்கால உரைநடையில் அது தளர்ந்துவிட்டது. ‘நாம் வந்தோம்’, ‘நாங்கள் வந்தோம்’ இரண்டிற்கும் ஓம் விகுதியே. விகுதி கைவிட்ட பொறுப்பு முழுவதும் இன்று பெயரின் தலைமேல் ஏறியுள்ளது.

சிங்கப்பூரில் இப்பொறுப்பு வெறும் இலக்கணமாக நின்றதில்லை. 1887-இல் மகுதூம் சாயபுவின் ‘சிங்கை நேசன்’ வெளிவந்தது. 1935-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாகப் பிறந்த ‘தமிழ் முரசு’, திருவாரூரிலிருந்து 1924-இல் இங்கு வந்த கோ. சாரங்கபாணியின் கையில் வளர்ந்தது. சிராங்கூன் சாலைக் கடைகளிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழரை ஊரும் சாதியும் பிரித்து வைத்திருந்த காலம் அது. அவர்களை நோக்கி ‘நாம் தமிழர்’ என்று எழுதுவது உள்ள நிலையைக் கூறுவது அன்று. இல்லாத ஒன்றை ஆக்க முயல்வது. சங்கம் சாதி வேற்றுமையை எதிர்த்ததும் இதழின் நடையும் ஒரே பணியின் இரு கூறுகள்.

1946-இல் சாரங்கபாணி ‘இந்தியன் டெய்லி மெயில்’ என்னும் ஆங்கில நாளிதழையும் தொடங்கினார். ஆட்சியாளரும் பிற இனத்தாரும் படிக்கக்கூடிய மொழி அது. தன் இனத்தாரோடு பேசத் தமிழ் இருந்தது. இரு மொழியிலும் தன்மைப் பன்மை வரும். ஆயின் அதனுள் அடங்குவோர் வேறு.

பெருஞ்சோதனை 1957-இல் குடியுரிமைச் சட்டத்தோடு வந்தது. தமிழர் தம்மைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் எனச் சாரங்கபாணி வற்புறுத்தினார். உழைப்பை இங்கும் உள்ளத்தை ஊரிலும் வைத்திருந்தவனுக்கு ‘நம் நாடு’ எது? அச்சொல்லுக்குக் கடலுக்கப்பால் ஒரு பொருளும் காலடியில் ஒரு பொருளும் இருந்தன. சிலர் பதிந்தனர், சிலர் தயங்கினர். அவர் 1974-இல் மறைந்தபோது சிங்கப்பூர் தனிநாடாகி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ் அதன் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கிற்று.

இக்காலக் கருத்துரைகள் சிலவற்றில் ‘நாம்’ என்பதும் இல்லை. ‘நாங்கள்’ என்பதும் இல்லை. ‘எனக் கருதப்படுகிறது’ என முடிகின்றன. ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் நிழல் இது. தோன்றா எழுவாய் தமிழுக்கு இயல்பு. எழுவாயை ஒளித்து வைப்பது வேறு. யார் கருதினார் எனக் கேட்டு வாக்கியத்தைத் திருத்தச் சொன்னால், மாணவர் பலர் எழுதுவது ‘நான்’ என்று அன்று, ‘மக்கள்’ என்று.