பன்னிரண்டில் நிற்கும் எண்ணெய்

பாலக்காடு நகரம் மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த நாளில், எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. 1957இல்தான் இரண்டும் ஒரே ஜில்லாவுக்குள் வந்தன. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கரிசல் மண். அதில் நிலக்கடலை விளைந்தது, செக்கும் ஓடியது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் எங்களுக்கு என்று 1970இல் கையெழுத்தானது. கடலைக்காடுகள் தென்னந்தோப்புகளாக மாறியதை நான் பாவாடை கட்டிய வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்து எண்ணெய்த் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் மாட்டுச் செக்கில் தொடங்கி, எக்ஸ்பெல்லர் வந்ததோடு முடித்துவிடுகிறார்கள். செக்கு வீட்டில் பிறந்து, கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய எனக்கு அது பாதிக் கதை என்றே படுகிறது. மீதி தேங்காய்ப் பருப்புக்குள் நடந்தது.

எங்கள் அப்பாரு எண்ணெயை இரண்டாகத்தான் பிரிப்பார்: உறையும், உறையாது. கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் மார்கழி விடியலிலும் ஓடும். தேங்காயெண்ணெய் கலங்கி நிற்கும். அவருடைய தங்கை மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்க்கைப்பட்டவர். உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக அவருக்கு எண்ணெய் போகும். சின்ன வாய் பாட்டிலில் அனுப்பினால், "அண்ணா, வெளிய எடுக்கவே முடியலீங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புவார். அதனால் அகல வாய் டப்பாவில்தான் ஊற்றுவார்கள். கரண்டியால் வெட்டியெடுத்துத் தலைக்குத் தேய்ப்பார்களாம். கீழே எண்ணெயாக இருப்பது மலையில் வெண்ணெய்போல ஆவதற்குக் காரணம், அது ஏறக்குறைய 24 டிகிரியில் உறைவது.

ஏன் 24? செடிக்குள் கொழுப்பு அமிலம் இரண்டிரண்டு கரியணுக்களாகக் கூடி வளர்கிறது. ஒரு நொதி இரண்டைக் கொண்டுவந்து ஒட்டும். அடுத்தது ஹைட்ரஜன் ஏற்றும். மூன்றாவது தண்ணீரைக் கழற்றும். நான்காவது மறுபடி ஹைட்ரஜன் ஏற்றும். இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கும். கடலையில் சங்கிலி 16, 18 வரை போகிறது. தென்னையிலோ தையோஎஸ்டரேஸ் என்ற நொதி பெரும்பாலும் 12இலேயே சங்கிலியை அறுத்து இறக்கிவிடுகிறது. அதுதான் லாரிக் அமிலம், தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி. உறைவதும் சோப்பில் நுரை பொங்குவதும் அதனால்தான். 1917இல் தொடங்கிய டாட்டா ஆயில் மில்ஸ் எர்ணாகுளத்தில் கொப்பரையைத் தேடி வந்ததும் இந்த எண்ணெய்க்காகவே.

இந்த நொதிகளுக்கு முறையான வகைப்பாடு 1961இல் வந்தது. சர்வதேச ஆணையம் ஒன்று, எந்த உயிரில் இருக்கிறது என்று பாராமல், என்ன வினை செய்கிறது என்று மட்டும் பார்த்து ஆறு வகுப்புகளாகப் பிரித்தது. (ஏழாவது 2018இல் சேர்ந்தது.) அப்படிப் பிரித்ததில், ஒரே சங்கிலியைக் கட்டுகிறவர்கள் சிதறிப்போனார்கள். மூலப்பொருளைத் தயாரிக்கிற அசெட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸ் ஆறாம் வகுப்பு, ஒட்டுகிறது இரண்டாம் வகுப்பு, ஹைட்ரஜன் ஏற்றுகிறவை முதல் வகுப்பு, தண்ணீர் கழற்றுகிறது நான்காம் வகுப்பு, அறுக்கிறது மூன்றாம் வகுப்பு. 12இல் அறுப்பதற்கென்றே 3.1.2.21 என்று தனி எண் உண்டு. மாணவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்து மறந்துவிடுவார்கள். எனக்கு அந்த எண்ணைக் கண்டாலே கொப்பரைக் களம் ஞாபகம் வரும்.

மனிதர்களிடமும் பூஞ்சைகளிலும் சங்கிலி கட்டும் நொதிகள் ஒரே பெரும் புரதக் கூட்டாக இணைந்திருக்கின்றன. அது முதல் வகை. செடிகளிலும் பாக்டீரியாவிலும் தனித்தனியாக உலவுகின்றன. அது இரண்டாம் வகை. தனித்தனியாக இருப்பதால் ஒன்றை மட்டும் எடுத்து வேறு செடியில் வைக்கலாம். கலிபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம் அதைச் செய்தது. அங்குள்ள ஒரு காட்டு மரத்தின் விதையில் 12இல் அறுக்கும் நொதியைக் கண்டு, அதன் மரபணுவைக் கடுகு இனச் செடி ஒன்றில் ஏற்றி 1992இல் அறிவித்தார்கள். 1995இல் லாரிக் தரும் கனோலா என்ற எண்ணெய்வித்துச் செடி வயலுக்கு வந்தது. தேங்காயெண்ணெயும் பனங்கொட்டை எண்ணெயும் இறக்குமதி செய்யாமல் சோப்புக்காரர்களுக்கு லாரிக் கொடுப்பதே நோக்கம். அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் தோப்புகளை நினைத்து வயிறு கலங்கியது.

கனோலா முழுசாக இணங்கவில்லை. ஒரு கொழுப்பு மூலக்கூறில் மூன்று இடங்கள். ஓர இடங்களை நிரப்பும் நொதிகள் லாரிக்கை ஏற்றன, நடு இடத்தை நிரப்பும் நொதி ஏற்கவில்லை. ஏற்கும் நொதி எங்கே கிடைத்தது தெரியுமா? தேங்காயின் பருப்பில். அதன் மரபணுவையும் பிரித்தெடுத்து 1995இல் வெளியிட்டார்கள். தென்னையை விலக்கப் புறப்பட்டவர்கள் தென்னையிடமே வந்ததில் எனக்கு இன்றும் பெருமை. அந்தக் கனோலா சந்தையில் நிலைக்கவில்லை. அதே 1995இல்தான் செடிகளின் அறுக்கும் நொதிகளை மரபணு உறவை வைத்து ஃபேட்-ஏ, ஃபேட்-பி என்று பிரித்தார்கள். தேங்காயினுடையது பி. 2011இல் தென்னையிலிருந்து மூன்று ஃபேட்-பி மரபணுக்களை எடுத்து ஆராய்ந்த கட்டுரையும் வந்தது.

இப்போது எங்கள் பக்கம் மரச்செக்கு திரும்பியிருக்கிறது, மோட்டார் பூட்டி. மணமும் தெளிவும் செக்கால் மாறலாம். அந்தப் பன்னிரண்டு மாறாது. அது மரத்திலேயே முடிவாகிவிட்ட காரியம். நெத்தாகாத காயை அப்பாரு உள்ளே விடமாட்டார். "பதினோரு மாசம் ஆவாத காய எதுக்குங்க கொண்டாந்தீங்க?" என்று வண்டியைத் திருப்பி அனுப்புவார். இளங்காயின் கொப்பரை ரப்பர்போல வளையும், எண்ணெயும் குறையும். பருப்பு கெட்டிப்படும் மாதங்களில்தான் அந்த நொதிகள் முழு வீச்சில் உழைக்கின்றன.