சைபீரியாவில் குளிர், சிராங்கூன் சாலையில் மழை

மலைக் கணவாய்களில் பனிப்புயல் எப்போது வீசும் என்று கணிப்பது குளிர்நாட்டினரின் கவலை. பனியே பார்க்காத சிங்கப்பூருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. குளிர்காலத்தில் சைபீரியாவில் தேங்கும் கடுங்குளிர்க் காற்று சீனாவுக்குள் இறங்கும்போது அங்கே குளிர் அலை வீசுகிறது. அதே காற்று தென்சீனக் கடலைக் கடக்கையில் வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு, நம் தலைமேல் அடைமழையாகக் கொட்டுகிறது. தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான், அங்கே மழை குறையும் மார்கழியில் இங்கே வலுக்கிறது.

இந்த மழையை அளக்கும் பழக்கம் நம்மிடம் பழையது. சிங்கப்பூரின் மழைப் பதிவுகள் 1869இலிருந்து இருக்கின்றன. அக்காலத்தில் அளவெடுத்தவர்களில் மருத்துவத் துறையினரும் அடங்குவர். தேக்காவுக்கு அருகிலுள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையிலும் வானிலை அளவீடுகள் எடுக்கப்பட்டன. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். புல்லும் நீரும் நிறைந்த தாழ்வான நிலம் என்பதால்தான் அங்கே மாட்டுத் தொழில் செழித்தது. வெள்ளம் அந்த வட்டாரத்தைத் தேடி வந்ததற்கும் அதுவே காரணம்.

ஆனால் பெய்த மழையை அளப்பது வேறு, பெய்யப்போகும் மழையைச் சொல்வது வேறு. 1929இல் மலாயா வானிலை ஆய்வுச் சேவை தொடங்கிய பிறகும், வடக்கே கடலில் என்ன நடக்கிறது என்பதை அறிய வழிகள் குறைவாகவே இருந்தன.

1978 டிசம்பர் 2ஆம் தேதியை மூத்தவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ கால் பங்கு ஒரே நாளில் கொட்டியது! 7 பேர் உயிரிழந்தனர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அதே டிசம்பரில்தான் பல நாட்டு அறிஞர்கள் கூடி, கப்பல்களும் விமானங்களும் கொண்டு இந்தக் குளிர்காலப் பருவக்காற்றை ஆராயத் தொடங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. சீனாவில் காற்றழுத்தம் உயர்ந்து, தென்சீனக் கடலில் காற்று வேகம் பிடித்தால், சில நாட்களில் நமக்கு மழை என்ற கணக்கு இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்பட்டது.

அதன்பின் எல்லாம் தெரிந்துவிட்டதா? இல்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 2001 டிசம்பர் 27ஆம் தேதி, 'வாமெய்' புயல் ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கே, சிங்கப்பூருக்கு வெகு அருகில் உருவாகி ஜோகூரில் கரையைக் கடந்தது. வெள்ளமும் நிலச்சரிவும் அங்கே உயிர்களைப் பறித்தன. இயற்கை, அறிஞர்களுக்கும் பாடம் நடத்திய நாள் அது.

இன்றைய நிலை என்ன? 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் வந்த பருவமழைப் பெருக்கை வானிலை ஆய்வகம் முன்கூட்டியே அறிவித்தது. அந்த இரண்டு நாட்களில் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி மாதத்தின் வழக்கமான மொத்த மழையைவிட அதிகம். மாறாக, 2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையை மூழ்கடித்தது குறுகிய நேர இடிமழை. அதை எந்தத் தெரு, எந்த மணி என்று பல நாட்களுக்கு முன்பே சொல்ல இன்றும் இயலாது.

இங்குதான் நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மழை வரும் என்று சொன்ன நாளில் நம் தெருவில் தூறல்கூட இல்லையென்றால், நாம் கேலி பேசுகிறோம். அடுத்த எச்சரிக்கையைக் காதில் வாங்குவதில்லை. கடைக்காரர் அரிசி மூட்டையை மேலே ஏற்றுவதில்லை. பிள்ளைகளைக் கால்வாய் ஓரம் போகாதே என்று பெற்றோர் தடுப்பதில்லை. 1978இல் இறந்தவர்களுக்கு இன்றைய கணிப்புகள் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்கின்றன. கணிப்பாளர் பத்து முறை சொல்லி இரண்டு முறை தவறினால், மற்ற எட்டு முறையும் அது பயன் தருவது கேட்பவரைப் பொறுத்ததே. வருமுன் காப்பது அறிவு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.