கிள்ளான் மலேரியா ஒழிப்புப் பணி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள கிள்ளான் நகரிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் 1901இல் தொடங்கிய பொதுச் சுகாதாரப் பணி. கிளாஸ்கோவில் மருத்துவம் பயின்ற மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் இதை வழிநடத்தினார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் 1897இல் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில் அந்த அறிவு கிள்ளானில் உயிர்களைக் காத்தது.

முறை: நகரைச் சூழ்ந்த சதுப்புக்காடு வெட்டப்பட்டது, வாய்க்கால்கள் தோண்டித் தேங்கிய நீர் வடிக்கப்பட்டது.

விளைவு: கிள்ளான் நகரிலிருந்து மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகள் 1901இல் 334 பேர், 1905இல் 12 பேர்.

தோட்டங்கள்: தமிழ்த் தொழிலாளர் மடிந்துகொண்டிருந்த மலைப்பாங்கான பால்மரத் தோட்டங்களில் இம்முறை பலிக்கவில்லை. நிழல் நீங்கி வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகியது. அங்கே நிலத்தடிக் குழாய் வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் கைகொடுத்தன.

மருத்துவக் கல்வி: வாட்சன் பயின்றது கிளாஸ்கோவில்; இந்த வட்டாரத்திலேயே மருத்துவர்களைப் பயிற்றுவிக்கச் சிங்கப்பூரில் 1905இல் மருத்துவப் பள்ளி தோன்றியது. 1960களில் கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புலம் அமைந்தது, தா. ஜா. தனராஜ் அதன் முதல் புலத்தலைவர். பயிற்சி பெற்ற மருத்துவர் ஊரின் நீரையும் நிலத்தையும் அறியும்போதே மக்கள் நலம் பெருகும் என்பதற்குக் கிள்ளான் நிலையான சான்று.