மூன்று நிமிடம் நிற்பது ஏன்?



உங்களில் சிலர் விடுமுறைக்குக் கிரேக்கத் தீவுகள் வரை போய் ஸ்கூபா டைவிங் செய்கிறீர்கள். படங்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அங்கே பயிற்சியாளர் ஒரு விதியைச் சொல்லியிருப்பார்: மேலே வரும்போது 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்க வேண்டும். அந்த விதிக்குப் பின்னால் அதே கடலின் வரலாறு இருக்கிறது.

ஏஜியன் கடலில் சிமி, கலிம்னோஸ் என்ற தீவுகள் உள்ளன. பாறை நிலம், விளைச்சல் குறைவு. கடலடியில் கடற்பஞ்சு அறுத்து விற்பதுதான் அன்று பிழைப்பாக இருந்தது. நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைப் போலவே இவர்களும் கனமான கல்லின் துணையோடு மூச்சடக்கி இறங்கினார்கள்.

1860-களில் புதிய உடை வந்தது. தலைக்கு உலோகக் கவசம்; படகிலிருந்து பம்பு அடித்துக் குழாய் வழியே காற்று. இனி ஆழத்தில் நெடுநேரம் இருக்கலாம். வருமானம் பெருகியது. கூடவே, மேலே வந்த இளைஞர்கள் கால் விளங்காமல் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள்.

காரணம் எளிய இயற்பியல்தான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரையும். சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழிகள் கிளம்பும். பிரான்சின் பால் பேர் 1878-லேயே இதை விளக்கிவிட்டார். ஆனால் படகுக்காரர்கள் காத்திருக்கவில்லை. குளிப்பவர்கள் முன்பணம் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் படகேறினார்கள். கடன் அடைய வேண்டுமே!

1900-இல் புயலுக்கு ஒதுங்கிய சிமித் தீவுப் படகு ஒன்று, ஆன்டிகிதேரா தீவருகே சுமார் 45 மீட்டர் ஆழத்தில் பழைய கப்பலொன்றைக் கண்டது. அரசு அவர்களையே மீண்டும் இறக்கியது. வெண்கல, பளிங்குச் சிலைகள் கிடைத்தன. கோள்களின் நகர்வையும் கிரகணங்களையும் கணக்கிட்ட, கிறிஸ்துவுக்கு முந்தைய பல்சக்கரக் கருவியும் கிடைத்தது. இன்று அது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தின் பெருமை. அதற்காக இறங்கியவர்களில் ஒருவர் இறந்தார், இருவர் முடங்கினார்கள்.

1908-இல்தான் பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன், ஆடுகளை வைத்துச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று மேலேற வேண்டும் என்று அட்டவணை வெளியிட்டார். படிப்படியாக மேலேறும் இன்றைய முறைக்கு வேர் அதுதான். 1943-இல் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய சுவாசக் கருவி, அதே கடலை உல்லாசப் பயணிகளுக்கும் திறந்துவிட்டது.

கலிம்னோஸில் இன்றும் 'மிகானிகோஸ்' என்று ஒரு நடனம் உண்டு. முன்னாடுபவர் கைத்தடி ஊன்றி, கால்கள் நடுங்க, விழப்போவதுபோல் ஆடுவார். முடங்கிப்போன முன்னோரை ஊர் நினைவுகூரும் முறை அது. அந்தப் பக்கம் போனால் கேட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பு விதிகளைப் பலரும் தொல்லை என்று நினைக்கிறோம். எத்தனையோ குடும்பங்கள் இழந்த பிறகுதான் அவை எழுதப்பட்டன. ஆகவே நீரில் இறங்கும் பிள்ளைகள் அந்த 3 நிமிடத்தைக் குறைக்க வேண்டாம். டைவிங் முடித்த அன்றே விமானம் ஏறவும் வேண்டாம்.

நலமாகப் போய் வாருங்கள்.