மெகலடோனா, மொசாசோரா? தரம் எட்டில் வந்த வழக்கு

இடைவேளை முடிந்து மணியடித்த பிறகும் தரம் எட்டில் சத்தம் அடங்கவில்லை. போய்ப் பார்த்தால் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். மெகலடோன் சுறாவும் மொசாசோரும் சண்டை பிடித்தால் எது வெல்லும்? யாரோ வீட்டில் பார்த்த வீடியோவில் மொசாசோர் சுறாவை இரண்டாகக் கடித்துப் போட்டதாம். "சேர், நீங்களே சொல்லுங்க" என்று வழக்கு நம்மிடம் வந்தது.

நாம் படிப்பிப்பது வரலாறு. ஆனாலும் எந்த வழக்கிலும் முதலில் கேட்பது காலத்தைத்தானே. மொசாசோர்கள் டைனோசர்களின் காலத்தோடு, சுமார் 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டன. மெகலடோன் தோன்றியது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். இடையில் 4 கோடி ஆண்டுகளுக்கு மேல். இரண்டும் ஒரே கடலில் ஒரு நாளும் நீந்தவில்லை. வழக்கு தள்ளுபடி என்றதும் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது.

அதனால் உண்மையிலேயே சந்தித்திருக்கக்கூடிய ஒரு சோடியைச் சொன்னோம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் பிஸ்கோ பாலைவனம் ஒரு காலத்தில் கடலடி. 2008இல் அங்கே ஒரு திமிங்கிலத்தின் மண்டையோடு கிடைத்தது. நீளம் சுமார் 3 மீற்றர். பற்களில் பெரியது 36 சென்ரிமீற்றருக்கு மேல், அதாவது வகுப்பிலுள்ள அடிமட்டத்தை விட நீளம். கற்பிட்டி, திருகோணமலைக் கடல்களில் இன்றும் காணப்படும் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் பழைய உறவு இது. இன்றைய ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் பயன்படும் பற்கள். இதற்கு இரண்டு தாடையிலும் இருந்தன. 2010இல் 'லெவியதான்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரை முன்னரே ஒருவர் யானையின் உறவான ஒரு விலங்குக்கு வைத்துவிட்டதால் அதே ஆண்டிலேயே 'லிவயாட்டன்' என்று மாற்ற வேண்டி வந்தது. பெயர் வைப்பதிலும் முந்தியவருக்குத்தான் உரிமை!

அதே பாலைவனத்தில் மெகலடோனின் பற்களும் கிடைக்கின்றன. ஒரே கடல், ஒரே இரை: நடுத்தர அளவுத் திமிங்கிலங்கள். அப்படியானால் மோதினவா? இரண்டும் மோதியதற்கான தடயம் இதுவரை எந்த எலும்பிலும் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட வரும் சாட்சி ஒன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிறது. அங்கே பொஸ்பேற்றுச் சுரங்கத்தில் எடுத்த, சிறிய ஸ்பேர்ம் திமிங்கிலம் ஒன்றின் பல்லில் சுறாப்பல் கீறிய தடங்கள் உள்ளன. கீறியது மெகலடோன் அல்லது அதன் முன்னோடியான நெருங்கிய இனம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். செத்த உடலைத் தின்னும் சுறா கொழுப்புள்ள பகுதியைத்தான் தேடும். தலைப் பக்கம் கடி விழுந்திருப்பதால் இது உயிரோடு நடந்த தாக்குதலாக இருக்கலாம் என்பது அவர்களின் வாதம். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டோம்.

"ஆனா சேர், எது பெரிசு?" அங்கேதான் சிக்கல். சுறாவின் உடலில் எலும்பில்லை, குருத்தெலும்புதான். அது உக்கிப் போய்விடும். மிஞ்சுவது பற்களும் சில முள்ளந்தண்டுத் துண்டுகளும். 1909இல் நியூயோர்க் அருங்காட்சியகத்தில் மெகலடோன் தாடை ஒன்றைக் கட்டினார்கள். ஓரத்துப் பற்கள் சிறியவை என்பதைக் கவனிக்காமல் எல்லா இடத்திலும் பெரிய பற்களைப் பதித்ததால் தாடை மிதமிஞ்சிப் பெருத்துவிட்டது. அதை வைத்து 30 மீற்றர் சுறா என்று உலகமே நம்பியது. பிறகு 15 முதல் 20 மீற்றர் வரை என்றார்கள். 2025இல் வந்த ஓர் ஆய்வு 24 மீற்றர் வரை போயிருக்கலாம் என்கிறது. லிவயாட்டனுக்கோ ஒரே ஒரு மண்டையோட்டிலிருந்து 13 முதல் 17 மீற்றர் வரை கணக்கிடுகிறார்கள். வீடியோ செய்பவர்கள் தங்களுக்குப் பிடித்த விலங்குக்குப் பெரிய கணக்கையும் மற்றதற்குச் சின்னக் கணக்கையும் எடுப்பார்கள். அரசர்களின் படைபலத்தை எழுதிய பழைய புலவர்களும் இதைத்தான் செய்தார்கள் என்றதும் வகுப்பு சிரித்தது.

தென்னாபிரிக்கக் கடலில் இன்றைய ஓர்க்காக்கள் பெரிய வெள்ளைச் சுறாக்களைக் கொன்று ஈரலை மட்டும் தின்பதை ஒரு மாணவி எடுத்துச் சொன்னார். நல்ல வாதம்தான். ஆனால் ஓர்க்காக்கள் கூட்டமாக வேட்டையாடுபவை. லிவயாட்டன் கூட்டமாகத் திரிந்ததா என்பதை ஒரு மண்டையோடு சொல்லாது.

மணியடித்துவிட்டது. போகும்போது பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்ப மெகலடோனை அழிச்சது ஆரு சேர்?" என்று கேட்டான். சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அது மறைந்தது. கடல் குளிர்ந்ததும், இரை குறைந்ததும், வெள்ளைச் சுறா போட்டிக்கு வந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மீதியை வியாழக்கிழமைப் பாடவேளைக்கு வைத்திருக்கிறோம்.